தனகோடியைத் தேடிய பேனர்

காணாமல் போவதென்றால் எங்கள் தெருவில் காணாமல் போக வேண்டும். அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும். மற்ற ஊர்களில் ஒருவன் காணாமல் போனால் பெண்டாட்டி தேடுவாள், மிஞ்சிப்போனால் மச்சான் தேடுவான். ஆம்பூரில் எங்கள் தெருவிலோ தலைவர், செயலாளர், ஆலோசகர், மகளிர் அணி என்று ஒரு சமுதாயமே நாற்காலி போட்டு உட்கார்ந்து தேடும். 2006ஆம் ஆண்டு நடந்த அப்படிப்பட்ட மகத்தான தேடுதல் ஒன்றை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், வருங்காலத் தலைமுறையின் நன்மைக்காக இதை எழுதிவைக்கிறேன்.

நான் எப்சி. வாசலில் உட்கார்ந்து ஷூ கம்பெனிக்கு 'அப்பர்', அதாவது ஷூவின் மேல்பாகம், கையால் தைத்துக் கொடுக்கிறவள். இந்தத் தொழிலில் விரலுக்கு மட்டும்தான் வேலை. கண்ணும் காதும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற எதையும் நான் வீணாக்குவதில்லை.

எதிர்வீட்டு தனகோடி டேனரியில் தோல் பதனிடும் டிரம்மில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன பிறகு ஞாபகம் கம்மியாகிக்கொண்டே வந்தது. தெருப் பெயர் மறந்தது. எங்கள் பெயர் மறந்தது. டேனரிச் சங்கு மட்டும் மறக்கவில்லை. காலையில் சங்கு ஊதினால் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் மனைவி கெங்கம்மாள் தெருமுனை வரை ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவருவாள். காலிக் கேரியர் என்றால் அவருக்குக் கோபம் வரும் என்று தினமும் அதில் இரண்டு இட்லியும் வைப்பாள். மேல் மூடி தொலைந்துபோய், அதற்குப் பதில் ஒரு தோல் துண்டைக் கயிற்றால் கட்டியிருக்கும் கேரியர் அது.

ஒருநாள் கெங்கம்மாள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற நேரம் பார்த்துச் சங்கு ஊதிவிட்டது. தனகோடி போய்விட்டார். வழியில் அவரைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு நாகரிகம் உண்டு. வெறுங்கையோடு போகிறவனை நிறுத்தி 'எங்கே' என்று கேட்போம். டிபன் கேரியரோடு போகிறவனைக் கேட்க மாட்டோம். அவன் ஷிப்டுக்குப் போகிறான். ஷிப்டுக்குப் போகிறவனை நிறுத்தினால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே எல்லோரும் ஒதுங்கி அவருக்கு மரியாதையோடு வழிவிட்டார்கள்.

சாயங்காலம் கெங்கம்மாள் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் எங்கள் தெருவில் 'குழு' உருவாகியிருந்தது.

தலைவர் செல்வகுமார். பிளாட் போட்டு விற்பவர். உள்ளாட்சித் தேர்தல் வரவிருந்த நேரம். எங்கள் வார்டுக்குத் தகுந்த கவுன்சிலர் இல்லையே என்று அவர் ஒருவர்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் ஜோஸ். ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்ப்பவர். அவர் வாயில் 'டார்கெட்', 'ஃபாலோ அப்' என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் பல்கூட விளக்க முடியாது. மகளிர் அணிக்கு என்னைப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நினைப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

முதல் கூட்டம் முழுக்கக் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போனது. 'மீட்புக் குழு' என்றால் சின்னதாகத் தெரிகிறது என்றார் செல்வகுமார். 'பேரவை' என்றால் ஏற்கெனவே இரண்டு பேரவைகள் இருக்கின்றன என்றார் ஜோஸ். கடைசியில் 'காணாமற்போனோர் மீட்பு மக்கள் பேரியக்கம்' என்று முடிவாயிற்று. காணாமல் போனவர் ஒருவர்தானே, 'போனோர்' எதற்கு என்று நான் கேட்டேன். தொலைநோக்கு என்றார்கள்.

கெங்கம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். பெயர் முடிவானதும் மெல்லப் பேசினாள்.

"தம்பி, அவரு எங்கனா ஒரு டேனரி கேட்டாண்டதான் நிப்பாரு. சங்கு ஊதுற நேரத்துக்கு ஆளுக்கு ஒரு கேட்டுன்னு போய் நின்னு பாத்தீங்கன்னா போதும். எனக்குக் காலு ரெண்டுதான இருக்குது."

"அருமையான கருத்து. மினிட்ஸ்ல ஏத்து ஜோஸ்," என்றார் செல்வகுமார்.

"ஏத்திட்டேன் அண்ணே. பெண்டிங்ல போட்டிருக்கேன்."

மறுநாள் காலைச் சங்குக்குக் கெங்கம்மாள் தனியாகப் புறப்பட்டுப் போனாள். ஒரு டேனரி கேட், அடுத்த நாள் இன்னொன்று, பிறகு பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி. குழு கூடி ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இப்படித் தன்னிச்சையாகத் தேடக் கிளம்புவது கட்டுப்பாட்டுக்கு நல்லதல்ல என்று ஜோஸ் வருத்தப்பட்டார். அவள் செருப்பு வார் அறுந்து வந்ததை என் வாசலில்தான் தைத்துக் கொடுத்தேன். அதை மகளிர் அணியின் 'செயல்பாடு' என்று பதிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேனர் தீர்மானம். ஃப்ளெக்ஸ் பேனர் அப்போதுதான் எங்கள் பக்கம் செழிக்கத் தொடங்கியிருந்தது. பிறந்தால் பேனர், காது குத்தினால் பேனர், செத்தால் கண்ணீர்த்துளியோடு பேனர். காணாமல் போனவருக்கு மட்டும் இல்லாமல் இருந்த குறையை எங்கள் பேரியக்கம் தீர்த்துவைத்தது.

ஃப்ளெக்ஸ் கடை நசீர் அகமது கைதேர்ந்தவர். மேலே ரத்தச் சிவப்பில் 'காணவில்லை'. அதற்கு நேர் கீழே ஆளுயரத்துக்குச் செல்வகுமார், வெள்ளைச் சட்டை, ஒரு காதில் செல்போன். யாரோடு பேசுகிறார் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்துப் பேனர்களில் எல்லாத் தலைவர்களும் யாரோடோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் ஜோஸ். இடப்பக்கம் ஆலோசகர்கள். நடுவில் செல்வகுமாரின் கைக்குழந்தை, 'வருங்காலம்' என்ற எழுத்தோடு. மகளிர் அணி சார்பில் நான், ரோஜாப்பூ வட்டத்துக்குள். தகவல் சொல்ல ஒரே ஒரு போன் நம்பர், செல்வகுமாருடையது.

கெங்கம்மாள் அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு எங்க பாய்?"

நசீர் அகமது குனிந்து வலது கோடியில் கீழே விரலை வைத்துக் காட்டினார். டேனரி அடையாள அட்டையிலிருந்து எடுத்த, மீசை கறுத்த வாலிபத் தனகோடி, தீப்பெட்டி அளவில் இருந்தார்.

"இவரக் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாமே பாய்."

"பெருசா போட்டா புள்ளி புள்ளியா ஒடஞ்சிடும்மா. அதுவுமில்லாம, தேடுறவங்க மூஞ்சி தெரிஞ்சாத்தான ஜனங்க நம்பித் தகவல் சொல்லுவாங்க?"

ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று பேனர்கள் கம்பீரமாக எழுந்தன. கட்டுகிறவர்கள் வலது கோடியைச் சவுக்குக் கம்போடு சுற்றிக் கட்டியதில், தீப்பெட்டியும் உள்ளே போய்விட்டது.

அதன்பின் குழுவின் தேடுதல் சூடுபிடித்தது. எந்தெந்த ஊரில் பேனர் நேராக நிற்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். ராணிப்பேட்டை பேனரை ஆய்வு செய்யத் தலைவரே நேரில் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. மறுநாள் காலையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. நடந்ததை அவரே சொன்னார்.

தொழிற்பேட்டையில் ஒரு டேனரி கேட்டுக்கு எதிரே பேனர் இருந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார். காற்றில் கயிறு அறுந்து பேனர் ஒருபக்கமாகச் சரிந்து, கூடாரம் போலத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தன் முகம் இப்படிச் சரிந்து கிடக்கிறதே என்று அவர் மனம் வருந்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீக்கடை மாஸ்டர் அவரையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார். ஒக்காருங்க. டீ சாப்பிடுங்க. உங்க ஊட்டுக்குத் தகவல் சொல்லிடலாம்."

"யோவ், காணாமப் போனது நானில்ல."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க சார்," என்று மாஸ்டர் பேனரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். செல்வகுமாரின் சட்டைப் பையில் மணி அடித்தது. பழக்க தோஷம், எடுத்துக் காதில் வைத்து, "வணக்கம், செல்வகுமார் பேசறேன்" என்றார். அந்தக் கோலம் பேனரில் இருந்த கோலத்தோடு அப்படியே பொருந்திவிட்டது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பாவம், இவரே இவரைத் தேடுகிறார் என்று உச்சுக்கொட்டினார்கள். ஓடிவிடாமல் இருக்க இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஜோஸுக்குப் போன் போட்டு, அவர் கம்பெனி போனிலிருந்து பேசி, 'இவர் காணாமல் போகவில்லை' என்று உறுதி கூறிய பிறகுதான் விட்டார்களாம்.

"எத்தினி பேஜாரு தெரியுமா? எவனெவனோ புத்தி சொல்றான். அந்தப் பேனருக்கு அடியில படுத்துக் கெடந்த ஒரு கெழவன், எழுந்து வந்து கையில ஒரு பன்னு குடுத்துட்டு, 'ஊட்டுக்குப் போயிடு தம்பி, பொண்டாட்டி தேடுவா'ன்னு சொல்றான். நெளிஞ்ச டிபன் கேரியரு ஒண்ண வச்சிக்கினு எனக்கு புத்தி சொல்றான்யா."

ராணிப்பேட்டை மக்களின் அறியாமையைக் கண்டித்து ஜோஸ் தீர்மானம் வாசிக்கத் தொடங்கினார். சுவரோரம் இருந்த கெங்கம்மாள் நடுவில் பேசினாள்.

"தம்பி, அந்தக் கேரியருக்கு மூடி இருந்திச்சா?"

"மூடியா? யாருக்குத் தெரியும்? தோலோ இன்னாவோ ஒரு துண்ட வச்சிக் கட்டியிருந்தான். அதுவா இப்ப முக்கியம்?"

கூட்டத்திலும் தைத்துக்கொண்டிருந்த என் விரலில் ஊசி ஏறியது. கெங்கம்மாள் அதற்குள் வாசலில் இருந்தாள். தீர்மானம் நிறைவேறும் முன் எழுந்து போவது முறையல்ல என்று ஜோஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தனியாகப் போனால் நடந்ததை அப்புறம் யார் சொல்வது? நானும் கிளம்பிவிட்டேன்.

ராணிப்பேட்டையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. டீக்கடை மாஸ்டரிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. தோல் ஏற்றிவந்த ஆம்பூர் வேன் ஒன்று தனகோடியை லோடுமேன் என்று நினைத்து ஏற்றிவந்து இந்த கேட்டில் இறக்கிவிட்டிருக்கிறது. கேட்டுக்காரர்கள் உள்ளே விடவில்லை. லோடு ஏற்றுகிறவர்கள் சோறு கொடுத்திருக்கிறார்கள். சரிந்த பேனரின் நிழலில், செல்வகுமாரின் தாடைக்குக் கீழே, மடியில் கேரியரை வைத்துக்கொண்டு தனகோடி உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

அவள் எதிரே போய் நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னா, இன்னும் சங்கு ஊதல?" என்று அவர் கேட்டார்.

"ஊதிட்டாங்க. ஷிப்டு முடிஞ்சிது. வா, ஊட்டுக்குப் போலாம்."

கேரியரை அவள் வாங்கிக்கொண்டாள். பேருந்து வரும்வரை அவர் கையை விடவேயில்லை. வந்த பிறகும் விடவில்லை. நடத்துநர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் மேலே இழுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே 'மீட்பு வெற்றி விழா'. மேடை, மைக், புதிய பேனர். இந்த முறை 'கிடைத்துவிட்டார்' என்று பச்சை எழுத்து, கீழே அதே செல்வகுமார், அதே செல்போன். பேரியக்கத்தின் அயராத உழைப்பு, துல்லியமான திட்டமிடல், தலைவரே களத்தில் இறங்கித் தடயத்தைக் கொண்டுவந்த தீரம் என்று ஜோஸ் விரிவாக எடுத்துரைத்தார். டார்கெட் அச்சீவ்டு என்றார். அந்தத் தடயமே பக்கத்தில் வந்து பன் கொடுத்தும் தலைவர் அதை விட்டுவிட்டு வந்ததை மட்டும் நேரமின்மை காரணமாக விட்டுவிட்டார்.

தனகோடியைச் சவரம் செய்து, வேட்டி கட்டி மேடைக்கு நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கெங்கம்மாளுக்கு நாற்காலி இல்லை, அவர் பின்னால் நின்றாள். செல்வகுமார் மாலையோடு வந்து குனிந்தார். தனகோடி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும், பல மாதங்களாக எங்கள் யாரையும் அடையாளம் தெரியாத அந்தக் கண்கள் அப்படியே மலர்ந்தன. ஜோஸ் ஓடிப்போய் மைக்கை அவர் வாயருகே பிடித்தார்.

"அட, நீயா? ஊடு வந்து சேந்துட்டியா தம்பி?"

கழுத்துக்குப் போக வேண்டிய மாலை செல்வகுமாரின் கையிலேயே நின்றது.

தனகோடி தலையைத் திருப்பிக் கெங்கம்மாளிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "இவனத்தான் தேடுனாங்க. எம்மாம் பெரிய போட்டோ வச்சி ஊரே தேடுச்சி. குடுத்து வச்சவன். எனக்கு நீ ஒருத்திதான் வந்த."

மைக் செட்டை யாரும் குறை சொல்ல முடியாது. கடைசி வரிசை வரை கேட்டது.

ஆகவே, எங்கள் பேரியக்கம் தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் யாரைத் தேடினோமோ அவரைக் கண்டுபிடித்துவிட்டோம், முதல் கூட்டத்திலிருந்தே அவர் தலைவர் நாற்காலியில்தான் இருந்தார். தனகோடியைத் தேடியது கெங்கம்மாள் மட்டும்தான்.