பதினோரு சட்டி மீன் குழம்பும் என் ஒறுத்தலும்

நான் மீன் குழம்பு சாப்பிட்டு நாலு மாசம் ஆச்சு. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன் இதை வெளியே சொன்னால் மானம் போகும். உங்களிடம் மறைப்பானேன்?

பி.பி. பார்த்த டாக்டர், "உப்பக் கொஞ்சம் கொறைங்க ஐயா" என்றார். கொஞ்சம்தான் சொன்னார். என் மனைவி அந்தோணிமேரி குழம்புச் சட்டியையே பரணில் ஏற்றிவிட்டாள். அன்று முதல் காலையும் ஓட்ஸ், ராத்திரியும் ஓட்ஸ். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தேன். காது ரெண்டும் குதிரைக்கு வளர்கிற மாதிரி வளர்ந்திருந்தது. சத்தியம்.

சபதம் எடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலம் முடிவதற்குள் ஒருநாள், நேத்து வச்ச மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தே தீருவது. இன்றைக்கு வச்சது உதவாது. ராத்திரி முழுக்கப் புளியில் ஊறிய மீன்தான் மீன்.

மெதுவாக ஆரம்பித்தேன்.

"மேரி, நம்ம அன்பியத்துக்கு ஒரு பாட்லக் வச்சா என்னா?"

அன்பியம் என்பது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூடி ஜெபமாலை சொல்கிற குழு. எங்களைச் சேர்க்காமல் பத்து குடும்பம்.

"அது என்னாங்க பாட்லக்கு?"

"ஆளுக்கொரு சட்டி கொண்டாந்து கூடிச் சாப்புடறது. எல்லார் சட்டிலயும் ஒரே அயிட்டம், நேத்து வச்ச மீன் கொழம்பு. நாம இட்லியும் சோறும் போட்டாப் போதும்."

"அதுல ஒங்களுக்கு என்னா வேல?"

"நானா? பரிமாறுவேன். மத்தவங்க சாப்புடறதப் பாத்து சந்தோஷப்படுவேன். இதான் இந்த வருஷம் என் ஒறுத்தல்."

தவக்காலத்தில் பிடித்ததை விட்டுக்கொடுப்பதற்கு எங்களில் ஒறுத்தல் என்று பேர். சொல்லும்போது என் கண் கலங்கியது. கையில் வெங்காயம் இருந்தது.

அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். "ஒங்களுக்குத் தங்கமான மனசுங்க."

அந்த ஒரு நொடியில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கூட்டத்தில் யார் கவனிப்பார்? சட்டிக்கு ஒரு கரண்டி உள்ளே தள்ளினாலும் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று சிதம்பரத்திலிருக்கும் என் சிநேகிதன் கலியமூர்த்திக்கும் போன் போட்டேன்.

"பிச்சாவரம் மடவை மீன் கொழம்பு கெடைக்குமா மச்சான்?"

"கெடைக்கும். தங்கச்சி கண்ணுல மாட்டுனா?"

"நீ வா. நான் பாத்துக்கறேன்."

தவக்காலத்து ரெண்டாம் ஞாயிறு. பூசை முடிந்து பத்துச் சட்டி வந்தது. பதினோராவதாக, மடவைக் குழம்புக் கேரியரோடு கலியமூர்த்தி பஸ்ஸில் வந்து சேர்ந்தான். வாசனை தாங்காமல் கண்டக்டர் மூணு இடத்தில் விசில் ஊதி வண்டியை நிறுத்தி மூச்சு இழுத்தாராம். நம்பினேன். எங்கள் மொட்டைமாடியில் கடல் காக்காய்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று முழங்காலே போட்டது.

அன்பியத் தலைவி ஜான்சி ஜெபம் முடித்தாள். நான் கரண்டியை எடுத்தேன். அந்தோணிமேரி எழுந்தாள்.

"ஒரு சாட்சி சொல்லணும். எங்க வூட்டுக்காரருக்கு மீன் கொழம்புன்னா உசுரு. ஆனா மத்தவங்க சாப்புடறதப் பாத்து சந்தோஷப்படறதுதான் என் ஒறுத்தல்னு சொல்லிட்டாரு. ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டாரு. நானா சொல்லல. அவரே வாயாலதான் சொன்னாரு."

கைதட்டல். ஜான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க மனுசனே இல்லீங்க!" என்றாள். ஒருத்தர் என்னோடு செல்ஃபி எடுத்தார். நான் கரண்டியோடு சிரித்தேன். வேறென்ன செய்ய?

கலியமூர்த்தியிடம் குனிந்தேன்.

"மச்சான், நீயாவது ஒரு துண்டை இட்லிக்கு அடியில ஒளிச்சு வை."

"ஐயையோ, சாமி குத்தமாயிடும்!"

"ஒனக்கு எதுக்குடா எங்க சாமி?"

"எந்தச் சாமியா இருந்தா என்னா, குத்தம் குத்தந்தான். அந்த மடவத் தலைய இப்புடி வையி."

வைத்தேன். பதினோரு சட்டியும் என் கையால் காலியாயிற்று. கடைசிச் சட்டியை ஒரு பொடியன் இட்லியால் துடைத்தே எடுத்துவிட்டான்.

சாயங்காலம் அந்தோணிமேரி டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"கொழம்பே இல்லாதவனுக்குக் கோவம் ஒரு கேடா?"

"டாக்டர்கிட்ட பேசிட்டேங்க. பி.பி. நல்லா எறங்கியிருக்காம். அளவா உப்புப் போட்டு சாப்புடலாம்னாரு. ஈஸ்டர் அன்னிக்கு நானே வஞ்சிரம் வக்கிறேன். மொத நாளே வச்சிடறேன், போதுமா?"

எனக்கு உயிர் வந்தது. முப்பத்தஞ்சு நாள்தானே? நாலு மாசம் தாண்டியவனுக்கு அது ஒரு தூரமா? நல்ல பெண்பிள்ளை என்று மனசார நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அன்பியம் வாட்ஸப் குரூப்பில் ஜான்சியின் செய்தி வந்தது. "ஐயாவோட ஒறுத்தல் எல்லாரையும் தொட்டுடுச்சு. ஈஸ்டர் வரைக்கும் எல்லா ஞாயிறும் அதே வீட்ல அதே மீன் குழம்பு. ஐயாவே பரிமாறுவாங்க."

அதற்குக் கீழே முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தது, என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணிமேரி.