அமெரிக்கச் சீமானும் மாயாண்டி அப்புவும்

மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன் வீடு போய்ச் சேரும் வரையாவது தலைநிமிர்ந்து நடக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே விவாதம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது இரண்டும் சூடேறுகின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, கொக்கிப்புழு ஒழிக்க வந்த குழுவில் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். சம்பளம் ஓர் அமெரிக்கச் சீமானின் தரும நிதியிலிருந்து வந்தது. அவர் எதில் பணம் சேர்த்தார் என்று கண்டியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ரயில் என்றார்கள், இரும்பு என்றார்கள், பன்றி வியாபாரம் என்று ஒருவர் சத்தியமே செய்தார். அந்த மனிதர் இலங்கையைப் படத்திலாவது பார்த்திருப்பாரோ என்னவோ! ஆனாலும் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களின் வயிற்றில் புழு இருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அது பெரிய விஷயம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் வேலை இரண்டு வகை. குழுவின் வெள்ளைக்கார டாக்டர் துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசுவதைத் தமிழிலும், மற்றவர்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வது ஒன்று. மற்றதை எப்படி நாகரிகமாகச் சொல்வது? ஆளுக்கொரு சின்ன மூடி போட்ட டின், அதன் மேல் நம்பர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மாலையில் அதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை நானே வாசல் வாசலாகப் போய், பேரைக் கூப்பிட்டு, உரியவர் கையிலிருந்து திரும்ப வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். (என் அம்மா கடைசிவரை அக்கம்பக்கத்தில் ‘அவனுக்கு டாக்டர் ஆபீசில் எழுத்து வேலை’ என்றுதான் சொல்லிவந்தார்.)

முதல் சுற்றில் ஒழுங்காகத்தான் போனேன். புழு இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அப்படி இருந்தது நிலைமை. எல்லோருக்கும் மருந்து கொடுத்தோம். இரவு பட்டினி, காலையில் குடலைப் புரட்டும் ஓர் எண்ணெய், அதன் பிறகு பேதி உப்பு. இரண்டு நாளைக்கு ஒருவராலும் மலையேற முடியவில்லை. மலையேறாத நாளுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. கொழுந்து முற்றிப்போனதில், ஆட்களை மேய்க்கும் கங்காணிக்குத் தோட்டத்துத் துரையிடம் திட்டு வேறு.

சில மாதம் கழித்து இரண்டாம் சுற்று வந்தது. அதற்குள் நான் பெரிய உத்தியோகஸ்தனாகிவிட்டேன். வெள்ளை டிரில் கோட்டு, ஓடிகொலோன் சென்ட்டில் நனைத்த கைக்குட்டை, கண்டி வெயிலுக்கு ஒரு தொப்பி. இந்தக் கோலத்தில் விடியற்காலைப் பனியில், அட்டைக்கடியில், டின் பொறுக்குவதா? கங்காணியைக் கூப்பிட்டு, “நீங்களே எல்லாத்தையும் சேர்த்து ஆபீசுக்குக் கொண்டுவந்திடுங்க” என்றேன்.

“ஐயா எதுக்கு அட்டையில அலையணும்? நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் அவர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத் தேயிலைப் பெட்டி ஒன்றில் டின்கள் வந்தன. நம்பர் வரிசைப்படி அடுக்கி, மூடியெல்லாம் துடைத்து, கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு புழு முட்டைகூட இல்லை. டாக்டர் துரை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கித் தட்டினார். அத்தனை பேரின் கார்டிலும் ‘புழு இல்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஒரு மாதம் போயிருக்கும். கண்டி ஆபீசுக்கு மாயாண்டி அப்பு வந்தார். அந்தத் தோட்டத்தில் துரை பங்களாவின் சமையல்காரர். துரை கழற்றிப் போட்ட பழைய பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு டக்கு டக்கென்று நடப்பார். அன்றைக்கு அவர் நடையில் சத்தமே இல்லை.

“ஐயா, எந் தங்கச்சி ராமாயிக்கு முடியலீங்க. நாலு எட்டு ஏறினா மூச்சு வாங்குது. முகம் வெளுத்து ஊதிப்போச்சு. லயத்துச் செவத்து மண்ண நோண்டித் திங்கிறா. கங்காணி சோம்பேறிங்கிறாரு. இந்த மாசக் கடைசியில பத்துச்சீட்டக் குடுத்து அனுப்பிருவேன்னுட்டாருங்க.”

பற்றுச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியே போ என்று அர்த்தம். வேலை, லயத்து அறை, அரிசி எல்லாம் அத்தோடு சரி. ராமாயி புருஷனை இழந்தவள். வேறு தோட்டத்தில் மலையேறத் தெம்பில்லாதவளை யார் எடுப்பார்கள்?

“ஒரு தடவ புழு மருந்து குடுத்துப் பாருங்கய்யா. சீக்காளின்னு ஒரு கார்டு எழுதிக் குடுத்தா கங்காணி கைய வைக்க மாட்டாரு” என்றார்.

நான் பெட்டியைத் திறந்து ராமாயியின் கார்டை எடுத்தேன். “புழு இல்லைன்னு இருக்கே அப்பு. கார்டு பொய் சொல்லுமா?”

அவர் எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். “அப்ப கார்டுல இருக்கிறதுதான் வயித்துலயும் இருக்குங்களா?”

“ஆமா. இது விஞ்ஞானம். போயிட்டு வா” என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை ‘வா’ என்றேன் பாருங்கள், அதற்கே என்னை நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் விவாத சங்கத்தின் கூட்டம். ஹாஜியார் ஒருவரின் துணிக்கடை மாடியில் மத்தியானம் கூடுவோம். அவரே தலைவர். தலைப்பு: ‘உலக மக்களின் சுகாதாரத்துக்குப் பெருஞ்செல்வர்களின் கொடையே போதும்.’ ஆதரித்துப் பேச நான். எதிர்த்துப் பேச யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர். டாக்டர் துரையையும் அழைத்துவந்து முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்திருந்தேன். குழுவுக்கு இன்னொரு கிளாக்கர் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் மனுப் போட்டிருந்தார்கள்.

மாஸ்டர் நிதானமாகத்தான் பேசினார். “காசு குடுக்கிறவர் நல்லவர் எண்டே வைப்பம். எந்த நோய் வருத்தத்தைப் பாக்கிறது, எதை விடுறது எண்டு அவர்தானே தீர்மானிக்கிறார்? நாளைக்கு அவற்ற மனம் மாறினால் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? தோட்டத்துக்காரன் லயத்துக்குக் கக்கூஸ் கட்டவேணும். கட்டேல்லை. சீமான்ர மருந்து வருகுது எண்டு அவன் பேசாமல் இருக்கிறான். தானம் குடுக்கிறவர் கடமைப்பட்டவனைத் தப்ப விடுறார்.”

நான் எழுந்தேன். அடடா, என்ன எழுச்சி! நம்மூர்ப் பணக்காரர்கள் கோபுரத்துக்குக் கொடுப்பார்கள், தேருக்குக் கொடுப்பார்கள், வயிற்றுப் புழுவுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பிள்ளைக்கு மருந்து கிடைத்த தாய், அது யார் வீட்டுக் காசு என்று பார்ப்பாளா என்று கேட்டேன். (இந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். நன்றாகவே தழுதழுத்தது.) கடைசியில் கோட்டுப் பையிலிருந்து கார்டுக் கட்டை உருவி உயர்த்திப் பிடித்தேன். “கலஹாவில் ஒரு தோட்டம். அத்தனை பேரும் புழுவால் வாடியவர்கள். இன்றைக்கு ஒருவர் வயிற்றிலும் ஒன்றில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?”

கைதட்டு ஓயும்போது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். “அது பொய்யிங்கய்யா.”

மாயாண்டி அப்பு. என்னைத் தேடி வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா இங்கே அனுப்பியிருக்கிறார். அவரை உட்காரச் சொல்லிப் பலர் அதட்டினார்கள். ஹாஜியார் கையை உயர்த்தினார்.

“விடுங்கோ, அவர் பேசட்டும். படியேறி வந்த மனுசனட வாய மூடி அனுப்புற பழக்கம் நம்மட கடையில இல்ல.”

அப்பு பூட்ஸைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். “அந்த டின்னு அத்தனையும் என்னோடதுங்க.”

ஒரு நிமிஷம் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மாடி அதிரச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மொதத் தடவ தோட்டத்துல எனக்கு மட்டுந்தான் புழு இல்லைன்னு வந்துச்சு. மறுபடி எல்லாருக்கும் மருந்து குடுத்தா ரெண்டு நாள் பேரு போயிருமேன்னு கங்காணி டின்ன பூராவும் எங்கிட்டக் கொண்டாந்துட்டாரு. தெனம் பத்து, பதினஞ்சு. கடைசி ரெண்டு நாள் வெளக்கெண்ண குடிச்சேங்க. சனங்களுக்கு ஒத்தாசைன்னு நெனைச்சேன். அதுல ராமாயி டின்னும் இருந்துச்சு. எந் தங்கச்சி சீட்ட நானே கிழிச்சிட்டேன். நாளைக்கு அவள வெரட்டப்போறாங்க. கங்காணிக்குப் பயந்து இத்தன நாளா வாயத் திறக்கல. டாக்டர் துரைகிட்டச் சொல்லுங்கய்யா.”

டாக்டர் துரை என் பக்கம் திரும்பி, அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

இருபத்திரண்டு வயது. வெள்ளைக் கோட்டு. கையில் கார்டுக் கட்டு. நாக்கு தானாகவே புரண்டது. “தோட்டத்து மக்கள் சார்பில் உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்றேன்.

டாக்டர் துரையின் முகம் மலர்ந்தது. எழுந்து போய் அப்புவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அப்புவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “தொர கை குடுத்திட்டாரு. இனி ராமாயிக்குப் பயமில்ல” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, கடைசி பஸ் போய்விடுமே என்று படியிறங்கி ஓடினார். என்னைக் கும்பிட்டுவிட்டு வேறு போனார். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதை நான் மறக்கவே முடியவில்லை.

அந்த மாடியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனுப் போட்டவர்கள் எப்படித் திறப்பார்கள்? வாக்கெடுப்பில் நான் ஜெயித்தேன். சீமானுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் ஒன்றும் நிறைவேறியது. மாலை போட்டார்கள்.

கலைந்து போகும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்தார். “தம்பி, நல்லாப் பேசினீர். ஆனா அந்த மனுசன் சொன்னதை நீர் சரியாச் சொல்லேல்லை. உம்மைச் சபையில வெக்கப்படுத்த எனக்கு மனம் வரேல்லை. நாளைக்கு விடிய நீரே போய்ச் சொல்லும். இல்லாட்டி நான் போவன்.”

மறுநாள் விடிந்ததும் டாக்டர் துரையின் வீட்டு வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அப்புவின் கையைக் குலுக்கிய தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தாரே, அதனால்தான் அவருக்கு மண்ணிலிருந்து கால் வழியாகப் புழு ஏறவில்லை, அதைக்கூட நாம் கவனிக்கவில்லையே என்றார். வண்டியை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராமாயி மூட்டையோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதல் டின்னை அவள் கையிலிருந்துதான் வாங்கினேன். கார்டில் ‘புழு உண்டு, மிக அதிகம்’ என்று எழுதும்போது என் அழகான கையெழுத்து கோணிப்போயிற்று. கங்காணி பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பத்து நாள் விடியற்காலையில் கோட்டு இல்லாமல் வாசல் வாசலாக நின்றேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழவர், “இது என்னோடதுதாங்க ஐயா, சந்தேகமின்னா தொறந்து பாத்துக்குங்க” என்றார். சுற்று முடிந்த அன்றே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஹாஜியார்தான் கடையில் சேர்த்துக்கொண்டார். “நில்லுங்கோ மகன். ஆனா துணிய நீங்களே அளக்கணும்” என்றார்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைப் பெருமையாகச் சொன்னாலும், “டின்ன நீங்க போய் வாங்கினீங்களா, கங்காணி கொண்டாந்து குடுத்தாரா?” என்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மகளுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை தங்கமான பையன் என்று தரகர் சொல்லி வாய் மூடவில்லை. நாலு பேர் முன்னால் மகளே இதைக் கேட்டாள். எழுந்து பஸ் பிடித்து, பையனை நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டில் எல்லோரும் சிரிப்பது அந்த டின் கதை வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்ததை நான் அவர்களிடம் சொன்னதில்லை. என் வேலை போய் ஒரு வருஷம் கழித்து, ஹாஜியார் கடைத் துணி மூட்டையோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ராமாயி கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. சுகமா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்தேங்க. மறுபடி டின்னு வாங்கிப் பாத்தாங்க, மறுபடியும் இருக்காம். எல்லாருக்குமே இருக்காம். நாங்க இன்னமும் ஒதுங்குறதுக்கு அந்தத் தேயிலைக்குள்ளதான போறோம், வெறுங்காலோட?” கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “ஏங்கய்யா, மருந்து அமெரிக்காவுல இருந்து வருது. கக்கூசு எங்கருந்து வரும்?”

நாற்பது நிமிஷம் மூச்சுவிடாமல் பேசி மாலை வாங்கியவன் நான். தெரியாது ராமாயி என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு லயத்துக்கு இறங்கிப் போனாள்.