எறியாத துவக்கு

சதீசன் துவக்கின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான். வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டா பின்னோடு வந்தது. ஆனால் வெளியே பாயவில்லை. பந்தி முடிந்தும் எழும்பாத சம்பந்தியைப்போல வாசலிலேயே கிடந்தது.

"ரஜிதன், இது துப்புதில்லையடாப்பா!"

ஜேர்மனியின் எசன் நகரத்து வேட்டைக் கடையொன்றில் சதீசன் விற்பனையாளன். தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. ஒருவரும் தொடாத அந்தப் பழைய துவக்கை விற்றுக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி வெரோனிக்கா சொல்லியிருந்தாள்.

போன கிழமை எர்வின் என்றொரு கிழவர் வந்தார். போல்ட்டை இழுத்துப் பார்த்து, "இது சுட்ட தோட்டாக் கோதை வெளியே எறியாது போலிருக்கே," என்று தலையாட்டினார். தனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சதீசன் யாழ்ப்பாணத்துப் புடவைக்கடைக்காரரின் மகன். சேலையில் நூல் பிரிகிறது என்று முகம் சுளிப்பவள் விலையைக் குறைத்து அதையே வாங்கிக்கொண்டுதான் போவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"குறையை எடுத்துவிட்டா விலையைக் குறைக்கக் கேக்க ஏலாது," என்றான்.

"அண்ணை, ஜேர்மன்காரர் பேரம் பேசமாட்டினம்," என்றான் துவக்குத் திருத்தும் ரஜிதன்.

"எல்லாரும் பேசுவினம். பாஷைதான் வேறை."

ரஜிதன் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டான். தோட்டாவைக் கவ்வும் கொக்கி வழுக்கியது. தோட்டா குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. முன்பக்கத்தால் கம்பி விட்டுத் தள்ளவேண்டியதாயிற்று.

"முந்தி வாசல் மட்டுமெண்டாலும் வந்துதே!"

"பொறுங்கோ அண்ணை, புது ஸ்பிரிங் போடுறன்."

போட்டான். தோட்டா பறந்து, சுவரில் இருந்த பாடம்செய்த பன்றித் தலையின் கண்ணாடிக் கண்ணை உடைத்தது.

"பண்டி குருடாப் போச்சு," என்றான் ரஜிதன்.

"உயிரோட இருக்கேக்கை படாத பாடு. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டு."

வெட்டினான். தோட்டா துவக்கின் மேலிருந்த தொலைநோக்கியில் முட்டி, திரும்பி உள்ளேயே விழுந்தது. தொலைநோக்கியை உயர்த்திப் பூட்டினான். இம்முறை தோட்டா அழகாக வளைந்து, அறைக்குள் நுழைந்த வெரோனிக்காவின் கோப்பிக் கோப்பைக்குள் இறங்கியது.

அவள் கோப்பி தெறித்த தன் சட்டையைப் பார்த்தாள். பன்றியைப் பார்த்தாள்.

"கிழவர் வந்திருக்கிறார்," என்றாள். "விற்காவிட்டால் நீயும் அவரோடேயே போகலாம்."

சதீசன் துவக்கைக் கல்யாணத் தட்டுப்போல் ஏந்திக்கொண்டு போனான். "நீங்கள் சொன்ன குறை இப்போது இல்லை, பாருங்கள்!" என்று ஜேர்மன் மொழியில் சொல்லி, போல்ட்டை இழுத்தான்.

தோட்டா எர்வினின் தொப்பிக்கு மேலால் பறந்து வாசற்கதவில் பட்டு உருண்டது. அது போன வழியைக் கிழவர் கவலையோடு பார்த்தார்.

"அடடா, கெடுத்துவிட்டாயே தம்பி! சுட்ட கோதில் நானே மறுபடி வெடிமருந்து நிரப்புகிறவன். புல்லுக்குள் விழுந்த கோதைக் குனிந்து பொறுக்க முதுகு விடாது என்றுதானே, எறியாத துவக்கை எடுத்து வைக்கச் சொன்னேன்!"