பூட்டுக்காரர் வெந்நீர் வென்ற படலம்

வாழ்க! ஊரார் பூட்டையெல்லாம் திறந்தும் தன் வாய்க்கொரு பூட்டுச் செய்யத் தெரியாத தகைமையோன், கொல்லை ஓடையை முறமளவுச் சக்கரத்தால் மறித்த குறுநில வேந்தன், குளியா நோன்பி, எண்ணெய்வழி நெற்றியன், நம் பூட்டுக்காரர் வாழ்க! மூக்கைச் சற்றே பொத்திக்கொண்டு கேளுங்கள், என் கண்மணிகளே.

"இவ்வோடை சுழற்றும் சக்கரம் எழுப்பும் மின்சாரம் காய்ச்சிய நீரன்றிப் பிறிதொரு நீர் இம்மேனி தீண்டாது!" என்று குளிர் தொடங்கிய நாளில் அவர் கூறிய வஞ்சினம் அணுவளவும் பிசகவில்லை, எந்த நீரும் தீண்டவில்லை. இல்லாளோ பாயையும் தலையணையையும் கொல்லைக்கு நாடுகடத்தி, "குளிச்சிட்டு உள்ள வாங்க. இல்லேன்னா அந்தச் சக்கரத்தோடயே குடும்பம் நடத்துங்க" என்று உள்தாழ்ப்பாள் போட்டாள். பூட்டென்றால் திறந்திருப்பார், தாழ்ப்பாளை என்செய்வார் பாவம்!

சுழன்றது சக்கரம், முனகிற்று டைனமோ, மூடியிட்ட தகர டிரம்மினுள் மின்மினியின் பேராண்மையோடு கனன்றது கம்பிச்சுருள். சிற்றோடை தரும் சூடு மெல்லத்தான் ஏறும். மூடியைத் தொடாதிருந்தால் பொழுது சாய்வதற்குள் குளிரை வென்றுவிடும். ஆனால் பொறுமை எனும் படைக்கலம் ஏந்தாப் பெருவீரரோ கணந்தோறும் மூடி திறந்து, விரல்விட்டு, சேர்ந்த சூட்டையெல்லாம் புறமுதுகிட்டோடும் பகைப்படைபோல் வானுக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அது தண்ணியா, புதுப்பொண்ணா? நிமிஷத்துக்கு ஒரு தரம் தொறந்து மொகம் பாக்குறீங்க!" என்றான், டிரம்முக்கு அடியில் குழாய் வைத்துக் கொடுத்த பிளம்பர் மைத்துனன்.

தைத்தது சொல்லம்பு. "இனி எவரும் திறவார், யானும் திறவேன்!" என்று மறுநாட்காலை கம்பளி போர்த்து மூடிமேலேயே ஏறி, அரியணை அமர்ந்த அரசன்போல் வீற்றிருந்தார். கீழிருந்து இளஞ்சூடு எழ எழ, மேலிருந்து இமை விழ விழ, போர்முரசென அதிர்ந்தது குறட்டை. பகலெல்லாம் மூடி திறக்கப்படவில்லை. காய்ந்தது நீர்! ஆவி பறக்க, அள்ளினால் கைசிவக்கக் காய்ந்தது!

அந்தியில் கண்விழித்த வெற்றிவேந்தன் கண்டது, ஈரக்கூந்தலை உலர்த்தும் இல்லாளையும், நீராவி கமழத் தலைதுவட்டும் மைத்துனனையும். அடியில் வைத்த குழாய் வழியே டிரம்மைக் கடைசிச் சொட்டுவரை வடித்து, சுருள் கருகாதிருக்க ஒயரையும் பிடுங்கிவைத்த பெருந்தகை அவன்.

"சும்மா சொல்லக்கூடாது மச்சான், சூடு பிரமாதம்!"

திசையெட்டும் நடுங்க மீசை துடித்தது. மறம் கொதித்தது. வஞ்சினம் நினைவில் எழுந்து நின்றது. வீட்டினுள் கிடக்கும் மெத்தையின் நினைவு அதை ஒரே தள்ளில் வீழ்த்திற்று.

ஓடையில் ஒரு வாளி மொண்டு, பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.