ஜூனி என்னை வெளியே தள்ளிய விவரம்

அன்புள்ள லொரீன் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் நெப்ராஸ்காவிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஜூனியும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் ஹொய்ட் அத்தானும் வாடாமல் இருக்க வேண்டும்.

மார்லா ராணுவப் பணிக்காக வெளிநாடு போனதிலிருந்து, அம்மாவைக் காணாத ஜூனி என் காலைக் கட்டிக்கொண்டு விடுவதேயில்லை என்று எழுதியிருந்தேன். "உன்னால முடியலேன்னா குழந்தைய எங்கிட்ட அனுப்பிடு" என்று நீ சொன்னாய். ஊரிலிருந்த ஒரே பகல்நேரக் குழந்தைகள் காப்பகமும் மூடிவிட்டதால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கடைசியில் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் காப்பகத்தில் இடம் கிடைத்தது. அங்கே பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் குழந்தை வளர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள், பாடப் புத்தகம் நம் வீட்டுக் குழந்தைகள்தான். ஜூனியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் டெல்ஃபின் என்ற பெண். உதட்டில் கறுப்புச் சாயம், மூக்கில் வளையம். சொந்த அறையையே கூட்டாத வயசு, இதுவா என் பிள்ளையைப் பார்த்துக்கும்னு நினைச்சேன். ஆனாலும் டிராக்டர் பட்டறைக்கு நேரமாச்சு. ஜூனி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்து நைசாக நழுவினேன். அந்தப் பெண் வண்டி நிறுத்துமிடம் வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டாள்!

"சார், சொல்லாம ஓடாதீங்க. அம்மா மாதிரி அப்பாவும் போயிட்டார்னு குழந்தை நினைச்சுக்கும். உள்ள வாங்க."

அவள் பின்னாலேயே உள்ளே போனேன். குழந்தை உயரத்துக்குக் குந்தி உட்காரச் சொன்னாள். குந்தினேன். கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மொத்த வகுப்பும் கொல்லென்று சிரித்தது, ஜூனியும் சிரித்தாள். மார்லா போன பிறகு அன்றுதான் சிரித்தாள் அக்கா.

"ஜூனி, அப்பாவ நீயே வெளிய தள்ளி விடு பாப்போம். சாயங்காலம் திரும்பி வந்துடுவாரு" என்றாள் டெல்ஃபின். இரண்டு கையையும் என் முட்டியில் வைத்து, வாசல் வரை தள்ளிக் கதவைச் சாத்தினாள் நம் ஜூனி. இப்போதெல்லாம் தினமும் இதே கூத்துதான், உள்ளே நுழைவதற்குள் தள்ள ஆரம்பித்துவிடுகிறாள். போன வாரம் டெல்ஃபினுக்கு ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு சார், இந்தப் பாடம் எடுக்கிற ஆஸ்ட்ராண்டர் டீச்சர்கிட்ட மார்க் போடச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும். என் வீட்டையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே அக்கா, ஜூனி எங்கேயும் வரமாட்டாள். நாங்களே சமாளித்துக்கொள்வோம். யாருடைய உதவியும் தேவையில்லை, கோபித்துக்கொள்ளாதே. அத்தானுக்கு என் வணக்கம், உனக்கு ஜூனியின் முத்தம்.

அன்புத் தம்பி,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆஸ்ட்ராண்டர் டீச்சர் போன் செய்தார். மே கடைசியில் பள்ளிக்குக் கோடை விடுமுறையாம், காப்பகமும் பூட்டாம். பள்ளிக்கூடம் என்றால் லீவு விடுவார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. குழந்தையை அனுப்ப மாட்டேன் அக்கா, என்னால முடியாது. நீ கிளம்பி வந்துடு. ஜூனி அறையில் உனக்குக் கட்டில் போட்டாச்சு.