வாஃபிள் கருவியில் பால் காய்ச்சிய விவரம்

கோவில்பத்து, காரைக்கால்.
செவ்வாய்க்கிழமை.

அன்பு மிக்க மைத்துனர் கலைவாணன் அவர்களுக்கு, உங்கள் அத்தான் சோமசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா தையல்நாயகியும் மகள் விஷ்ணுப்ரியாவும் நலம் என்று முதலில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். எந்த அளவுக்கு நலம் என்பது போகப் போகத் தெரியும். பாரிஸில் நீங்களும் குடும்பத்தாரும் சுகமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் சமையலறையை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து நடத்துகிறவர்களுக்கு உடம்புக்கு வர நியாயமில்லை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டுமே அனுப்புகிறீர்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் நண்பர் கையில் கொடுத்தனுப்பிய, மாவைக் கட்டம் கட்டமாகச் சுட்டெடுக்கும் மின்சார வாஃபிள் கருவி சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. சேதமெல்லாம் பிறகுதான். வீட்டு நிலவரம் நீங்கள் அறியாததல்ல. விஷ்ணுப்ரியாவும் ழெரோமும் கல்யாணத்துக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அப்பா ஃபெர்னான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் எதற்கும் வாய் திறப்பதில்லை. அம்மா ஆன்தோனெத் மட்டும், "அவங்க வேற, நாம வேற. பழக்கவழக்கம் ஒத்து வருமா?" என்று பிடிகொடுக்காமல் இருந்தார். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியதும் நான் செய்த ஒரே தவறு, உங்களுக்குப் போன் போட்டு யோசனை கேட்டதுதான். "அத்தான், அவங்கல்லாம் பிரெஞ்சு குடியுரிமைக்காரங்க. நாலு மணிக்கு வாஃபிள் போட்டுக் குடுங்க, அப்படியே உருகிடுவாங்க. மாவ ஊத்துறீங்க, மூடுறீங்க, எடுக்குறீங்க, அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்காகவே இந்தக் கடிதம்.

கருவியோடு வந்த கையேட்டை நான்கு முறை படித்தேன். முப்பத்தொரு எச்சரிக்கைகள். குளித்துக்கொண்டே பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்பதாவது. எனக்கு அந்த உத்தேசம் இல்லை என்றாலும் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன் என்ன செய்யக் கூடாது என்று அந்த முப்பத்தொன்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் அக்கா குளித்துவிட்டு வந்து, கருவியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சொம்பு பாலுடன் நின்றாள். "புது அடுப்பு வந்தா பால் காச்சாம மாவ ஊத்துவாங்களா? அதுவும் பொண்ணு விஷயத்துக்கு!" என்றாள். இது அடுப்பு அல்ல, கருவி என்று சொல்லிப் பார்த்தேன். "சூடு வருமா வராதா?" என்றாள். வரும் என்றேன். "அப்ப அடுப்புதான், தள்ளுங்க." முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் எல்லைத் தகராறுகளைக் கேட்டுத் தீர்த்தவன் நான். தள்ளி நின்றேன். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்களே.

ஆகவே பால் ஊற்றினோம். ஒரு தட்டில் ஐந்துக்கு நாலாக இருபது கட்டம், ஒவ்வொன்றிலும் கரண்டியால் அளந்து நான்தான் ஊற்றினேன், வரப்பு கட்டிய வயல் மாதிரி பார்க்க அழகாகவே இருந்தது. மூடியை மூடியதும் மேல் தட்டின் பற்கள் இறங்கி, பால் இருக்க இடமில்லாமல், கொதித்து, சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது, எந்தப் பக்கம் எவ்வளவு என்று ஒன்றும் தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்க நனைந்தது, 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. நான் வாசலில் இருக்கும் மெயின் பெட்டிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது உங்கள் அக்கா மேடையைத் துடைத்து முடித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "கிழக்கால பொங்கிருக்குங்க!" என்றாள். பால் கிழக்கே பொங்கினால் நல்லது என்பது நீங்களும் அறிந்ததுதான். நான் எதையும் வாய்வார்த்தையாக ஏற்றுப் பழகாதவன். அலமாரியில் இருந்து என் பழைய திசைகாட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். கருவியின் கிழக்குப் பக்கத்தில்தான் பால் கெட்டியாக வடிந்து காய்ந்திருந்தது, கைப்பிடிக்குக் கீழே. கைப்பிடி சுவர்ப்பக்கம் போயிருந்தது சற்று விநோதமாகப் பட்டது. பதற்றத்தில் நானே அப்படி வைத்திருப்பேன் என்று என் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு, கிழக்கு என்று டைரியில் குறித்துக் கையெழுத்தும் போட்டேன்.

கரண்டைச் சரி செய்ய வந்த எலெக்ட்ரீஷியன் மாறன், கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், இதுல பால்பண்ணை ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றான். ஒரு பகல் முழுக்க அதை ஃபேனுக்கு எதிரே உட்கார வைத்தோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாருக்கும் நாங்கள் அவ்வளவு நேரம் காற்று விட்டதில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. திருநள்ளாறு இத்தனை பக்கத்தில் இருக்க, சனிக்கிழமையில் முட்டையா என்று உங்கள் அக்கா முட்டைக்குப் பதில் தயிரை விட்டாள். நீங்கள் சொன்னபடியே ஊற்றினேன், மூடினேன். 'எடுக்குறீங்க' என்பதில்தான் சிக்கல். உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாமல் எப்படி நிற்பது? அரை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். ஆறு முறையும் மேல் பாதி மேல் தட்டோடும், கீழ் பாதி கீழ்த் தட்டோடும், பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டு பிரிந்தன. விஷ்ணுப்ரியா வந்து பார்த்தாள். "அப்பா, தயவுசெஞ்சு மூடியத் தொறக்காதீங்க. ரெண்டு வருசம் நான் பொறுக்கல? மூணு நிமிசம் உங்களால பொறுக்க முடியாதா?" என்றாள். அதன் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு நாலு மணிக்கு ஆன்தோனெத்தும் ஃபெர்னானும் வந்தார்கள். பெண்பிள்ளைகள் பேசட்டும் என்று அடுப்படியில் நான் நின்றேன். முட்டை விட்ட மாவு, மூன்று நிமிடம், கை பின்னால். முதல் வாஃபிள் முழுசாக வந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, அளந்து பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. தட்டில் வைத்து, வெல்லப்பாகுடன் கொண்டு போய் ஃபெர்னான் முன் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் பிரெஞ்சு நிபுணத்துவத்தின் பலனை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "பட்டாளத்துல பதினஞ்சு வருசம் இருந்தேன் சார். இப்படி ஜன்னல் வச்ச தோசைய ஒருத்தனும் எனக்குக் குடுத்ததில்ல." பிறகு ஒரு மூலையில் பாகை ஊற்றினார். அது நாலு கட்டம் தாண்டி நின்றுவிட்டது. "கடமடைக்குத் தண்ணி வரல பாருங்க" என்றார். காவிரிக் கடைசியில் கிடக்கிற நமக்கு இதையும் பிரான்ஸில் இருந்து வரவழைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆன்தோனெத் சாப்பிடவில்லை. "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. என் தம்பி அனுப்புனது. ஆறு வருசமாப் பரண்ல கெடக்கு" என்றார். உங்கள் அக்கா, "ஒங்க தம்பியுமா?" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் தம்பிகளைப் பற்றி இருந்த கருத்தை நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன். பிறகு அந்த அம்மாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். மூடியில் கருகிப் போயிருந்த குங்குமத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். எல்லாம் போயிற்று, பழக்கவழக்கம் என்றாரே அது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் அக்கா ஒன்றையும் மறைக்காமல் பால் காய்ச்சியதைச் சொன்னாள். ஆன்தோனெத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம் பொங்குச்சு?"

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோதும், ஃபாதர் வந்து ஜெபித்துவிட்டுப் போன கையோடு பால்தான் காய்ச்சினார்களாம். "கிழக்க" என்றாள் உங்கள் அக்கா. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீங்க சர்வேயர்ல? நீங்க சொல்லுங்க" என்றார். திசைகாட்டி வைத்துப் பார்த்ததாகச் சொல்லி டைரியையும் காட்டினேன். கையெழுத்து வரைக்கும் படித்தார். "அப்ப சரி" என்றார். கூடத்தில் இருந்து ஃபெர்னான், "இங்க இன்னும் கொஞ்சம் பாகு விடுங்க, சம்பந்தி" என்று குரல் கொடுத்தார்.

தையில் கல்யாணம். ஆகவே இந்தக் காரியம் நடந்தது உங்கள் வாஃபிளால் அல்ல, என் முப்பத்தாறு வருட நேர்மையான அளவையால் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தவறான திசையை நான் ஒருநாளும் எழுதியதில்லை. கல்யாணத்துக்கு வரும்போது கருவியை எடுத்துப் போய்விடவும். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் யோசனைகளைக் கேட்காமல் வளர்ந்து அவர்கள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் அத்தான்,
சோமசேகரன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உங்கள் அக்கா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "நீங்க மெயினப் பாக்க ஓடுனீங்கள்ல, அப்பத்தான் மிஷினத் திருப்பி வச்சேன்" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். "கிழக்க பொங்கிருந்தா ஒங்க வேட்டி எப்படிங்க நனைஞ்சிருக்கும்? நீங்க நின்னது மேக்கால. இதுக்கு ஒரு சர்வேயர் வேணுமா?" என்றாள். கருவியை எடுத்துப் போக வேண்டாம். சாட்சி அது ஒன்றுதான், பத்திரமாக என்னிடமே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டில் அவர்கள் கருவியைப் பரணில் இருந்து இறக்கிப் பால் காய்ச்சுகிறார்கள். திசை பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.