லைனிங்காரரும் மஞ்சள் கரை யூக்காவும்

நாமக்கல்லில் பாடி கட்டப்பட்டு இந்தியாவின் எந்த மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரியை வேண்டுமானாலும் நிறுத்திப் பாருங்கள். அதன் பக்கவாட்டு மஞ்சள் கோட்டில் மயிரிழைக் கோணலைக் காட்டிவிட்டால், நான் பட்டிமன்ற மேடை ஏறுவதையே விட்டுவிடுகிறேன். அந்தக் கோட்டை இழுத்தவர் எங்கள் லைனிங்காரர். அத்தனை லாரிக்கும் அவர் ஒருவரேயா என்று கேட்காதீர்கள். மிகைப்படுத்தல் மேடைக்காரனின் பிறப்புரிமை.

கல்லூரிக் காலத்தில் நான் குடியிருந்தது ஒரு லாரி பட்டறையின் மாடியறை. கீழே அவர். வண்டிகளுக்கு அலங்காரக் கோடு போடுவது தொழில் என்பதால் லைனிங்காரர். தம் சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். கோணலைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. பட்டறை முதலாளி காலையில் நெற்றி நிறையத் திருநீற்றுடன் வந்து நிற்பார். இவர் தூரிகையைக் கீழே வைப்பார்.

“மொதலாளி, நடுக்கோடு எடப்பக்கம் எறங்கிப்போச்சுங்க. தொடைச்சுப்போட்டு மறுக்காப் போடுங்க.”

“ஏப்பா, சாமி கும்புட்டது நானா, நீயா?”

“கும்புட்டது நீங்கதானுங்க. நாள் பூரா பாக்கறது நானுங்களே.”

முதலாளி துடைத்துவிட்டு மறுபடியும் பூசிக்கொள்வார்.

ஆடி பிறந்துவிட்டால் புது வண்டி வெளியேறாது. எனவே ஆனிக் கடைசியில் ஒரு லாரியை அவசரமாக வழியனுப்பினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சை, நடுச்சாலையில் பூசணிக்காய், எல்லாம் முறைப்படி. வாசலில் தலைகீழாகக் கட்டும் திருஷ்டிக் கற்றாழை மட்டும் இல்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தின் குப்பைமேட்டிலிருந்து முதலாளியே ஒரு செடியைத் தூக்கிவந்து கட்டினார். வாள் வாளாய் இலைகள். நடுவே பச்சை, இருபுறமும் மஞ்சள் கரை.

லைனிங்காரர் அண்ணாந்து பார்த்தார். எதிராளியின் வாதத்தில் முதன்முறையாக மயங்கிய பேச்சாளனைப் போல நின்றார்.

“ஏனுங்க, இந்த லைனிங்கைப் போட்டது யாருங்க?”

அடுத்த நொடி ஏணியில் ஏறிச் செடியை அவிழ்த்துவிட்டார்.

“யோவ், திருஷ்டிக் கத்தாழையை அவுக்கறயே! வண்டி ஊர் போய்ச் சேர வேண்டாமா?”

“இது கத்தாழையே இல்லீங்க. இருந்தாலும் இத்தனை சுத்தமாக் கோடு போட்டதைத் தலைகீழாத் தொங்கவுடறது பாவமுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சாமி, நீங்க மேடையில பேசறவரு. மொதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். அவை வணக்கத்தில் தொடங்கி, உருவ ஒற்றுமை ஓர் உண்மையாகாது என்று நிறுவி, பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். முதலாளி கைகட்டிக் கேட்டார்.

“அருமையாப் பேசுனீங்க தம்பி. ஆனா இது கத்தாழைதானுங்க.”

 லைனிங்காரர் வேலியோரக் கற்றாழை மடலை ஒடித்தார், கூழ் வழிந்தது. செடியின் இலையை ஒடித்தார். கூழில்லை, நார்தான் இழுபட்டது. கற்றாழை மடலோரத்தில் முள். இந்த இலையோரத்தில் முள்ளில்லை. “அப்ப முள்ளே கெடையாதா?” என்று தடவிப் பார்த்த முதலாளியின் கட்டைவிரலில் இலைமுனை ஊசியாய் இறங்கியது. வழக்கு அங்கே முடிந்தது. நான் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்த எனக்குத் தெரிந்த ஏற்காட்டு நாற்றுப்பண்ணைக்காரர், “யூக்கா” என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதினார்.

“யூக்காவோ காக்காவோ, ஆயுத பூசைக்குப் பட்டறையைக் கழுவுவேன். அதுக்குள்ள மஞ்சக் கோட்டோட புது இலை ஒண்ணு வுட்டா இருக்கட்டும். இல்லீன்னா குப்பைக்குத்தான்,” என்றார் முதலாளி, விரலைச் சூப்பியபடி.

இங்கே என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை. எங்கள் ஊரில் எந்தச் செடி சுணங்கினாலும் கோழி எருதான் மருந்து. அதன் அருமையை நான் ஓர் உரையாகவே ஆற்ற, லைனிங்காரர் செடியைப் பட்டறை மூலையில் நட்டு, இரண்டு மூட்டை கொட்டினார். மூன்று வேளையும் தண்ணீர். பத்தே நாளில் இலைகள் தொய்ந்து, அடித்தண்டு அழுகி, பட்டறையே மூக்கைப் பொத்தியது. பாலை நிலத்துச் செடிக்கு நாங்கள் படைத்தது விருந்தல்ல, நஞ்சு.

ஏற்காட்டு நாற்றுப்பண்ணைக்காரரிடம் மறுபடி கேட்டோம். லைனிங்காரர் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் அழுகலை அறுத்தார். வெட்டுவாய் உலரும்வரை செடியை நிழலில் கிடத்தினார். பெயிண்ட் வாளியின் அடியில் துளையிட்டு, மணலும் செங்கல் சல்லியும் நிரப்பி, வெயிலில் நட்டார். எவனாவது தண்ணீர் ஊற்றிவிடுவானோ என்ற அச்சத்தில், லாரியின் பின்புறத்தில் எழுதும் அதே கொழுத்த எழுத்தில் வாளிமேல் எழுதினார்: “தொடாதே, ஊற்றாதே, தூர நின்று ரசி.” தினமும் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “ஒண்ணே ஒண்ணு வுடு சாமி, போதும்,” என்று கெஞ்சுவார்.

ஆயுத பூசைக்கு முன்தினம் குருத்து எழுந்தது. ஆனால் இறுகச் சுருண்டு, வெளியே வெறும் பச்சையாய்.

பூசை நாள் காலையில் முதலாளி வந்து குனிந்தார். குருத்தின் மேல் மஞ்சள் கோடு ஓடியது. தலைமயிரளவும் கோணலில்லாத கோடு. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை என் மூக்கில் ஏறியது. லைனிங்காரர் என்னைப் பார்த்தார். விரல் நகத்தில் மஞ்சள். ‘உண்மையே என் கட்சி’ என்று கோப்பைகள் வாங்கிய வாய் இது. மூடிக்கொண்டேன்.

முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். “லைனிங் நல்லாத்தான் வந்திருக்குது. இருந்துட்டுப் போவுது.”

சில வாரத்தில் இலை விரிந்தது. எனாமல் வெடித்து உதிர, உள்ளிருந்து அதன் சொந்த மஞ்சள் வெளிப்பட்டது. ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் ஒடுக்கம், நடுவில் ஒரு நெளிவு.

“கோணலாயிருக்கே, திருத்தலையா?” என்றேன்.

“இது அது போட்டதுங்க சாமி. நாம கை வெக்கக் கூடாது.”

இப்போது சேலத்தில் இருக்கிறேன். புறவழிச் சாலையில் எந்த லாரி கடந்தாலும் அதன் மஞ்சள் கோட்டைப் பார்க்கிறேன். கோணல் தேடி அல்ல. கோடு இன்னும் நேராக ஓடினால், அந்தக் கை நலமாயிருக்கிறது என்று பொருள்.